மகள் காடு படிக்கப் போகிறாளாம்: ஒன்ராறியோ வனவியல் டெக்னீஷியன் படிப்பு பற்றி அறிந்தவர்கள் சொல்லுங்கள்

ஸ்காபரோத் தகப்பன்

வணக்கம் உறவுகளே.

என் மூத்த மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். உயிரியலில் நல்ல புள்ளிகள், கணிதம் பரவாயில்லை. தாதியா, மருந்தாளரா என்று நானும் மனைவியும் எங்களுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தோம். அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில், சூ செயின்ட் மரியில் இருக்கும் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டேன் என்றாள். படிப்பு, வனவியல் டெக்னீஷியன். இரண்டு ஆண்டு டிப்ளோமா.

மனைவி ஒன்றும் பேசவில்லை. குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மம்மாதான் சிரித்தார். "நாங்கள் காட்டுக்குள்ளே ஒளித்துக் கிடந்து உயிர் தப்பி இங்கே வந்தோம். இவள் காசு கட்டிக் காட்டுக்குப் போகிறாளாம்."

தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஒன்றும் தெரியாமல் தலையாட்டவும் மனம் வரவில்லை. இரண்டு ஆண்டும் என்னதான் படிப்பார்கள்? முடித்தால் வேலை உண்டா? ரொறன்ரோவிலிருந்து 700 கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்குள் ஒரு பெண்பிள்ளை. இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன்.

பிக்கரிங் மாமா

அண்ணா, கோபிக்க வேண்டாம். மரத்தை எண்ண இரண்டு ஆண்டுப் படிப்பா? எங்கள் ஊரில் வன இலாகாக் காவலர் சைக்கிளில் வருவார், ஒரு தேத்தண்ணீர் குடிப்பார், போவார். பிள்ளைக்கு இருக்கிற புள்ளிகளுக்கு நல்ல பல்கலைக்கழகமே கிடைக்கும். கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஊசியிலை

ஐயா, நான் அந்தப் படிப்பை முடித்து ஆறு ஆண்டாக வேலை செய்கிறேன். மாமா கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். ஆம், மரத்தை எண்ணத்தான் படிக்கிறோம். எல்லா மரத்தையும் எண்ணாமலே எத்தனை என்று சொல்வதற்குத்தான் இரண்டு ஆண்டு.

200 ஹெக்டேர் காடு ஒன்றை உங்களிடம் கொடுத்து, இதில் எவ்வளவு மரம் தேறும், என்னென்ன இனம், எத்தனை வயது, எதை வெட்டலாம், எதை விடவேண்டும் என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். வரைபடத்தில் கோடு போட்டு, கோட்டின் வழியே நடந்து, குறித்த இடங்களில் மட்டும் நின்று அளப்போம். 11.28 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அது 400 சதுர மீட்டர், ஒரு ஹெக்டேரில் 25-இல் ஒரு பங்கு. அந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்கள் வகுப்பில் எல்லாரும் சொல்வார்கள்.

வட்டம் போடாமலும் அளக்கலாம். அதற்கு ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது, பிரிசம் என்போம். ஆப்பு வடிவம், தீப்பெட்டி அளவுதான், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொள்வோம். அதன் வழியே மரத்தைப் பார்த்தால் நடுவில் ஒரு துண்டு மட்டும் பக்கவாட்டில் விலகித் தெரியும். விலகிய துண்டு மரத்தோடு கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த மரம் கணக்கில் சேரும். முழுவதும் கழன்று தனியே நின்றால் சேராது. நின்ற இடத்திலேயே ஒரு சுற்று பார்த்து, சேர்ந்த மரங்களை எண்ணி, எங்கள் பிரிசத்தின் காரணி இரண்டு என்பதால், இரண்டால் பெருக்குங்கள். 12 மரம் என்றால் ஹெக்டேருக்கு 24 சதுர மீட்டர் அடிப்பரப்பு. அதாவது ஒரு ஹெக்டேரில் நிற்கும் மரங்களை எல்லாம் மார்பு உயரத்தில் அறுத்தால் வெட்டுமுகங்களின் மொத்தப் பரப்பு. முதல் நாள் இதை நான் நம்பவில்லை. மறுநாள் நாடா போட்டு அளந்து பார்த்தோம், ஏறத்தாழ அதே எண் வந்தது. அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்து முக்கோணவியல் மேல் எனக்கு மரியாதை வந்தது.

இதில் ஒரு தவறை எல்லாரும் செய்வோம். பிரிசம்தான் வட்டத்தின் நடுப்புள்ளி, நாம் அல்ல. பிரிசத்தை நடுக்கோலுக்கு மேலே அசையாமல் பிடித்து, நாம் அதைச் சுற்றி வரவேண்டும். புதியவர்கள் தாங்கள் நடுவில் நின்றுகொண்டு பிரிசத்தைச் சுற்றுவார்கள். ஆசிரியர் தூரத்தில் இருந்தே கத்துவார்.

அடுத்தது நடை. ஜிபிஎஸ் இருக்கும் காலத்திலும் முதல் மாதமே திசைகாட்டியும் காலடிக் கணக்கும்தான். வலது கால் ஊன்றும்போது மட்டும் ஒன்று என்று எண்ணுவோம். சமதரையில் எனக்கு 100 மீட்டருக்கு 63. சதுப்பில் கறுப்பு ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காட்டுக்குள் 80 தாண்டிவிடும். அந்த எண் ஆளுக்கு ஆள் வேறு, அவரவர் கையெழுத்து மாதிரி.

என் அவமானக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் திசைகாட்டி முள் உண்மை வடக்கைக் காட்டாது; எட்டு, ஒன்பது டிகிரி மேற்கே சாய்ந்து காட்டும். அதைத் திருத்தி வைத்துக்கொண்டுதான் புறப்படவேண்டும். நான் மறந்தேன். ஒரு கிலோமீட்டர் நடந்து முடித்தபோது போய்ச் சேரவேண்டிய இடத்திலிருந்து 150 மீட்டர் அளவுக்கு இடப்பக்கம் விலகி, ஒரு பீவர் கட்டிய அணையின் முன்னால் இடுப்பளவு சேற்றில் நின்றேன். கூட வந்த தோழி ஒரு வார்த்தை பேசாமல் தன் திசைகாட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

மற்றப் பாடங்கள்: மண், காட்டுச் சட்டம், வான்படம் பார்த்து காடு பிரிப்பது, கணினி வரைபடம், காட்டுத்தீ, பூச்சி, சங்கிலி ரம்பம். எழுத்து வேலையும் நிறைய. இவற்றில் சட்டம் சலிப்பாக இருக்கும், ஆனால் பிறகு அதுதான் சோறு போடும். ஒன்ராறியோவில் அரச நிலத்துக் காட்டை வெட்டுவதும் திரும்ப உண்டாக்குவதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ்தான் நடக்கிறது. சூ செயின்ட் மரி இருக்கும் நிலம் 1850-இல் அனிஷினாபெ என்ற பூர்வகுடி மக்களோடு செய்த ராபின்சன் ஹியூரன் உடன்படிக்கைக்குள் வருகிறது. யாருடைய காட்டில் நின்று அளக்கிறோம் என்று தெரியாமல் அங்கே வேலை செய்ய முடியாது.

ஸ்காபரோத் தகப்பன்

ஊசியிலை, மிக்க நன்றி. தம்பியா தங்கையா தெரியவில்லை. இரண்டு முறை வாசித்தேன், பிறகு மகளிடம் காட்டினேன். "அந்த பீவர் கதை எனக்கும் நடக்கும்" என்கிறாள். மரங்களை எப்படி அடையாளம் பிடிப்பது? எல்லாம் ஒரே பச்சையாகத்தானே தெரிகிறது?

ஊசியிலை

தங்கைதான் ஐயா.

ஊசியைத் தொட்டுப் பாருங்கள். ஸ்புரூஸ் ஊசி நாலு பக்கம் உள்ளது, விரல்களுக்கு நடுவே உருளும். பால்சம் ஃபர் ஊசி தட்டை, உருளாது. பைன் என்றால் ஒரு கொத்தில் எத்தனை ஊசி என்று எண்ணுங்கள். வெள்ளைப் பைனுக்கு ஐந்து. சிவப்புப் பைனுக்கு இரண்டு, நீளமானவை. ஜாக் பைனுக்கும் இரண்டு, ஆனால் குட்டை, முறுக்கிக்கொண்டு நிற்கும். டமராக் ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர் காலத்தில் பொன் நிறமாகி எல்லாவற்றையும் உதிர்த்துவிடும். முதல் தடவை பார்ப்பவர்கள் காடு செத்துவிட்டது என்று நினைப்பார்கள்.

தேர்வில் வெறும் குச்சியைக் கொடுத்து லத்தீன் பெயர் எழுதச் சொல்வார்கள். இலை இல்லாத குச்சி. மொட்டு, தழும்பு, மணம் இவ்வளவுதான் துணை. எழுத்துப் பிழைக்கும் புள்ளி குறைப்பார்கள். பைசியா மரியானா, பைசியா கிளாக்கா, ஏபிஸ் பால்சாமியா என்று நான் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்தில் இருந்த பாட்டி ஒருநாள் நான் செபம் செய்கிறேன் என்று நினைத்து எனக்காக எழுந்து இடம் விட்டார்.

மேட்டுப்பாளையத்தான்

இந்த இழையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். நான் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நான்கு ஆண்டு பி.எஸ்சி. வனவியல் படித்தவன். இப்போது வடமேற்கு ஒன்ராறியோவில், தண்டர் பே நகரில் இருக்கிறேன்.

குச்சி பார்த்து பெயர் சொல்லும் வித்தை எங்களுக்கும் இருந்தது. தேக்கின் இளந்தளிரைக் கசக்கினால் விரல் சிவந்துவிடும். முதலாண்டில் எல்லாருடைய குறிப்பேட்டிலும் அந்தச் சிவப்புக் கறை இருக்கும். இங்கே வந்தபின் அதே மாதிரி ஒன்றைக் கற்றுக்கொண்டேன். நார்வே மேப்பிள் இலைக்காம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் கசியும், சர்க்கரை மேப்பிளில் கசியாது. ஊரை விட்டு வந்து பத்து மாதம் கழித்து, ஒரு காம்பை ஒடித்தபோதுதான் இந்த நாடு எனக்குக் கொஞ்சம் பழகியது.

ஒரு வேடிக்கை. இந்தியாவில் மரத்தின் பருமனை அளக்கும் மார்பு உயரம் 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. கனடாவில் 1.3 மீட்டர். ஏழு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் என் கை பழக்கதோஷத்தில் மேலேயே போகும். கடைசியில் மேலங்கியில் சரியான உயரத்தில் ஒரு குறி தைத்துக்கொண்டேன்.

தகப்பனாருக்கு ஒரு தகவல். டெக்னீஷியன் என்பது இரண்டு ஆண்டு. டெக்னாலஜிஸ்ட் என்றால் மூன்று. காட்டு மேலாண்மைத் திட்டத்தில் கையெழுத்திடும் பதிவுபெற்ற வனவியலாளர் ஆவதற்குப் பட்டம் வேண்டும். இங்கே லேக்ஹெட் பல்கலைக்கழகத்தில் அது உண்டு. டொரண்டோ பல்கலைக்கழகத்திலும் முதுநிலை உண்டு. கனடாவின் முதல் வனவியல் துறை 1907-இல் அங்கேதான் தொடங்கியது. டிப்ளோமா முடித்தவர்கள் பாடங்களைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பட்டத்துக்குப் போகும் வழியும் இருக்கிறது. ஆகவே மாமா சொல்லும் பல்கலைக்கழகக் கதவை இந்தப் படிப்பு மூடிவிடாது. என்னைக் கேட்டால், முதலில் காடு, பிறகு பட்டம் என்பது நல்ல வரிசை. நான் தலைகீழாகச் செய்தேன். பட்டத்தோடு வந்து, இங்கே பட்டறிவு இல்லாமல், முதல் கோடையில் பத்தொன்பது வயதுப் பையன்களிடம் நடை கற்றுக்கொண்டேன்.

பிக்கரிங் மாமா

சரி, நான் தோற்றேன், படிப்பு படிப்புதான். ஆனால் வேலை? வடக்கே ஆலைகள் மூடுவதாகத்தான் செய்தியில் வருகிறது. எஸ்பனோலா காகித ஆலை 2023-இல் நின்றது. டெரஸ் பே 2024 தொடக்கத்தில். போதாததற்கு அமெரிக்கா நம் மரப்பலகைக்கு வரி மேல் வரி. வாங்க ஆளில்லாத மரத்தை அளந்து என்ன செய்வது?

ஊசியிலை

மாமா, இது சரியான கேள்வி, இதற்குப் பூசி மெழுகிப் பதில் சொல்ல மாட்டேன். ஆலை மூடினால் அதைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கள் வேலையும் குறையும். என் வகுப்புத் தோழர்களில் சிலர் அப்படித்தான் துறை மாறினார்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் பருவ வேலைதான்: மே முதல் அக்டோபர் வரை, பிறகு வேலையின்மைக் கொடுப்பனவு, மறுபடி மே. முதல் நான்கு கோடை நான் நான்கு வெவ்வேறு இடங்களில் இருந்தேன். இதைச் சகிக்க முடியாதவர்களுக்கு இந்தத் தொழில் வேண்டாம்.

ஆனால் ஆலை மட்டும்தான் வேலை தரும் என்பதில்லை. மாகாண இயற்கை வள அமைச்சு, தீயணைப்புப் படை, நீர்ப்பிடிப்புப் பாதுகாப்பு ஆணையங்கள், மின்கம்பி வழியில் மரம் பார்க்கும் நிறுவனங்கள், நகரசபைகள் எல்லாம் ஆள் எடுக்கின்றன. 2023 கோடையில் கனடாவில் 1.5 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. எரிந்த இடத்தில் என்ன முளைக்கிறது, எங்கே நடவேண்டும் என்று யாராவது நடந்து பார்த்தாக வேண்டும். ஜாக் பைனின் கூம்பு பிசினால் ஒட்டிக் கிடக்கும், தீயின் சூட்டில்தான் திறக்கும். அப்படித் திறந்த நிலத்தில் கன்று எண்ணும் வேலை எனக்கு இரண்டு கோடை கிடைத்தது. கரி வாடையில் முழங்காலிட்டு, ஒரு சாண் கன்றுகளை எண்ணுவது.

ஆஷ் வெட்டியவன்

நகரசபைப் பக்கத்திலிருந்து நான் ஒருவன். ரொறன்ரோவை ஒட்டிய ஒரு நகரில் மரப் பிரிவில் வேலை செய்கிறேன், இதே டிப்ளோமாதான், ஆனால் லிண்ட்சேயில் படித்தேன்.

மரகத ஆஷ் துளைப்பான் என்ற வண்டு 2002-இல் வின்ட்சரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு தெற்கு ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களுக்கு நடந்தது உங்கள் தெருவிலேயே தெரியும். ஒரு தெருவுக்கு ஒரே இனத்தை நட்டு வைத்திருந்தார்கள், வண்டு வந்ததும் தெருவே மொட்டை. பட்டையில் வெளியேறும் ஓட்டை ஆங்கில 'டி' எழுத்து வடிவில், நாலு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. பட்டையை உரித்தால் உள்ளே புழு தின்ற பாதை பாம்பு மாதிரி நெளியும். நான் உரித்துக் காட்டி, இந்த மரம் போகத்தான் வேண்டும் என்று சொன்ன வீடுகளில் இரண்டு தமிழ் வீடுகள். ஒரு அம்மா மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

காலை ஏழு முதல் மூன்றரை, மாலையில் வீடு, ஓய்வூதியம். வடக்குக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கறுப்பு ஈ

பெண்பிள்ளை என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். பெம்ப்ரோக்கில் படித்தேன், ஒட்டாவாவிலிருந்து 150 கிலோமீட்டர். வகுப்பில் நாங்கள் ஒன்பது பெண்கள்.

காடு ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. ஆட்கள் பார்ப்பார்கள். கல்லூரியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் கோடையில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் கன்று நடப் போனேன். ஒரு கன்றுக்கு இத்தனை சதம் என்று கூலி. முகாமில் பெண்களுக்கு ஒழுங்கான குளியலிடம் இல்லை. நட்ட கணக்கில் தினமும் கொஞ்சம் குறையும், கேட்டால் "தரம் போதவில்லை" என்பார்கள். மூன்றாம் வாரம் என் கணக்கை நானே தனிக் குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தேன். அதன்பிறகு குறையவில்லை. மகளுக்கு இதைச் சொல்லுங்கள்: மழையில் கரையாத தாள் உள்ள குறிப்பேடு, பென்சில், எப்போதும் சட்டைப் பையில்.

தனியே வேலை செய்யும் நாட்களுக்கு விதி இருக்கிறது. எந்தச் சாலையில் வண்டி நிற்கும், எந்தக் கோட்டில் நடப்பாள், எத்தனை மணிக்கு வெளியே வருவாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். செயற்கைக்கோள் கருவியில் குறித்த நேரத்துக்குத் தகவல் அனுப்பவேண்டும். ஒருநாள் நான் அரை மணி நேரம் தாமதித்தேன். மேற்பார்வையாளர் வண்டியை எடுத்துக்கொண்டு தேடிக் கிளம்பிவிட்டார். அவ்வளவு கறார். இந்த விதியைச் சிரித்துத் தள்ளும் நிறுவனம் என்றால் அன்றே விலகச் சொல்லுங்கள்.

கரடியைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள். கரடி ஓடிவிடும். மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் முழுவதும் கறுப்பு ஈ ஓடாது. காதுக்குப் பின்னால், தலைமுடி தொடங்கும் இடத்தில் கடித்து இரத்தம் வடியும், வலிகூட முதலில் தெரியாது. என் பெயர்க்காரணம் அதுதான். வலைத் தொப்பி வாங்கிக் கொடுங்கள், வெளிர் நிறச் சட்டை. கருநீலம் வேண்டவே வேண்டாம், அவற்றுக்கு அது விருந்து அழைப்பு.

வன்னி மண்

தம்பி, நான் முல்லைத்தீவுப் பக்கம். என் தகப்பனார் வன இலாகாவில் பெர்மிட் எழுதும் எழுதுவினைஞராக இருந்தார். முதிரை, பாலை, வீரை, கருங்காலி என்று கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்த்தே சொல்லுவார், முகர்ந்தும் சொல்லுவார். பாலைப்பழக் காலத்தில் எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். பழப்பால் உதட்டில் ஒட்டி இரண்டு நாள் போகாது. உங்கள் மாமியாருடைய சொல்லை வாசித்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். எங்கள் தலைமுறைக்குக் காடு என்றால் அந்தக் கடைசிக் காலம்தான் நினைவு. அதற்கு முந்திய காடும் ஒன்று இருந்தது. அவரிடம் பாலைப்பழத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

ஸ்காபரோத் தகப்பன்

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் எழுத முடியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை ரூஜ் பூங்காவுக்குப் போனோம். மகள் தையல் நாடாவும் நூல்கண்டும் எடுத்து வந்திருந்தாள். 50 மீட்டர் நூல் கட்டி எல்லாரையும் நடக்கவிட்டாள். எனக்கு 34. மனைவிக்கு 39. சின்னவன் ஓடியதால் செல்லாது என்று தீர்ப்பு. பிறகு ஒரு மேப்பிளைச் சுற்றி நாடா போட்டாள். 1.3 மீட்டர் என் நெஞ்சுக்குழிக்குக் கிட்ட வருகிறது. சுற்றளவு 112 சென்டிமீட்டர். "3.14-ஆல் வகுங்கள் அப்பா" என்றாள். முப்பத்தைந்தே முக்கால் வரை நான் மனக்கணக்குப் போட்டு முடிப்பதற்குள், மனைவி காம்பு ஒன்றை ஒடித்துப் பார்த்து, "பால் வரவில்லை, இது சர்க்கரை மேப்பிள்" என்றாள். இந்த இழையை அவளும் வாசிக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

வன்னி மண் ஐயா, மாமியிடம் கேட்டேன். சமையலறையில் நின்றபடியே ஒரு மணி நேரம் சொன்னார். பனங்கூடை நிறையப் பழம், வழியில் யானைச் சாணம், தமையன் மரத்தில் ஏறிக் கொப்பை முறித்தது. மகள் தன் தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கிறாள். பாலையின் லத்தீன் பெயர் என்ன என்று அவள் கேட்க, மாமி, "பாலைக்குப் பெயர் பாலைதான்" என்றார்.

கல்லூரியிலிருந்து அனுமதிக் கடிதம் நேற்று வந்துவிட்டது. மனைவி கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று இருக்கிறது: பூட்ஸ் எப்படி வாங்குவது? ரப்பரா, தோலா? கடையில் நூறு விதம் இருக்கிறது.

கறுப்பு ஈ

அம்மாவுக்கு என் வணக்கம். சதுப்புக்கு ரப்பர், மற்றதற்குத் தோல். இரண்டும் வேண்டும், ஆனால் முதலில் தோல் போதும். கணுக்காலுக்கு மேலே நல்ல உயரம் இருக்கவேண்டும், தடித்த காலுறை போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். சங்கிலி ரம்பம் பிடிக்கும் வகுப்புக்குப் பச்சை முக்கோணக் குறி மட்டும் போதாது. வெள்ளைத் துணுக்கில் பச்சை ஃபர் மரம் போட்ட குறி தனியே இருக்கவேண்டும். அதுதான் ரம்பப் பாதுகாப்பு உள்ளது.

ஊசியிலை

கடையில் அந்தக் குறியைக் காட்டி, அது ஃபர் மரம்தானா ஸ்புரூஸா என்று மகளிடம் கேளுங்கள் ஐயா. உருட்டிப் பார்க்க முடியாது, என்ன சொல்கிறாள் என்று பார்ப்போம்.